பச்சைத் தண்ணீர்

சலவைக் கடைக்காரிக்கு அந்தச் சாம்பல் நிறச் சட்டைகள் முதலில் நல்ல வரும்படியாகத்தான் தெரிந்தன. வாரம் ஒரு மூட்டை. ஊரைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று தலைவரின் படையில் சேர்ந்த பிள்ளைகள் போடுவது. "எங்களுக்கு ஓட்டுப் போடாதவன் இந்த நாட்டுக்காரனே இல்ல" என்று தலைவர் ஒலிபெருக்கியில் முழங்கியபோதும், வாய் இருக்கிறது பேசுகிறார் என்று அவள் பாட்டுக்குத் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். தாயில்லாப் பிள்ளையாக அவள் தூக்கி வளர்த்த தம்பி அதே சட்டையில் வந்து நின்றபோதுதான் தேய்ப்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை மகராசி.

தேர்தலன்று படைக்காரர்கள் வாக்குச்சாவடிக்குள் புகுந்து ஓட்டுப் பெட்டியைத் தூக்கப் பார்த்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த பக்கத்து வீட்டு வாத்தியார் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தது அவருடைய பிணம்தான். படிக்கட்டில் தவறி விழுந்துவிட்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். போலீஸ்காரர்கள் அதைப் பரிமாறிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தம்பி ஒரு சட்டையைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"பெயிண்ட் பட்டுடுச்சுக்கா. பச்சத் தண்ணில ஊற வெச்சிடு."

அவள் கை அப்படியே நின்றது. பெயிண்டுக்கு மண்ணெண்ணெய். எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர். பச்சைத் தண்ணீர் ரத்தத்துக்கு. மூக்கொழுகிய வயதில் அவனைத் தொட்டிக் கரையில் உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

"வாத்தியார் உன்னை என்னடா பண்ணாரு?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாரும் அடிச்சாங்கக்கா. நான் மட்டும் எப்படிச் சும்மா நிக்கிறது?" சட்டென்று அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "தொவைச்சிடுக்கா. நீதானே எனக்கு அம்மா."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடத்தான் செய்தது. அவள் தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

தொட்டி நிரம்பி வழிந்தது. சட்டை அவள் மடியிலேயே கிடந்தது. இதைத் துவைத்துக் கொடுத்தால் அடுத்த சட்டையும் வரும், அதையும் துவைக்க வேண்டும். முதல் மூட்டையைச் சிரித்த முகத்தோடு வாங்கிய தன் கைகளைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

பக்கத்து வீட்டில் வாத்தியார் மனைவியிடம் வக்கீல் கையை விரித்துக்கொண்டிருந்தார். சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லையாம். கடைக்காரி அந்த வீட்டுக்குள் போய்ச் சட்டையை மேசைமேல் வைத்தாள்.

"தொவைக்கல," என்றாள்.

வாத்தியார் மனைவி கறையைப் பார்த்தாள். தொடத் துணியவில்லை. "யாரோடது?"

"நான் வளத்த புள்ளையோடது."