லொறி சூடேறும் வரை

அப்பா லொறிக்குள்தான் செத்தார். போன தை மாதம், உறைபனியில் எஞ்சினை ஓடவிட்டு, கியர் எண்ணெய் சூடாகட்டும் என்று காத்திருந்தவரின் இதயம் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. அம்மா கண்ணாடியில் தட்டித் தட்டித்தான் தெரிந்துகொண்டார்.

அன்றிலிருந்து நிற்கிற லொறியில் எஞ்சின் ஓடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கடைக்குச் சாமான் ஏற்றும் அண்ணன் சதீசன் திறப்பைத் திருப்பியதும் கிளம்பிவிடுவான். பழைய ஓட்டோமற்றிக் லொறி; குளிரில் எண்ணெய் தடித்து, கியர் உடனே பிடிக்காது. நேற்று ஹம் நகர ரயில் ஸ்டேசனடியில் பிடிக்கவில்லை. அக்சிலரேற்றரை மிதித்தான். பிடித்தபோது லொறி பாய்ந்தது. பாதசாரிக் கடவையில் தள்ளுவண்டியோடு போன கிழவி மயிரிழையில் தப்பினாள்.

"அப்பா விடுறாரில்லை. தன்ர லொறியை இழுத்துப் பிடிக்கிறார்" என்றார் அம்மா.

"அப்பா இல்லையம்மா, ஒயில்! குளிர்ந்து இறுகின ஒயில்!"

"ஓமோம், வீட்டில முதல் பட்டம் வாங்கின கவிசா சொல்லிட்டா" என்றான் அண்ணன். "அப்ப நீயே செய்."

செய்தேன். கியர் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றினேன். ஆனால் எஞ்சின் ஓடி, எண்ணெய் சூடான பிறகுதான் அளவு பார்க்க முடியும். அதுவரை யாராவது அந்த இருக்கையில் இருக்க வேண்டும். அண்ணன் மாட்டேன் என்றான். கோழை.

ஏறினேன். பிரேக்கை மிதித்தபடி கியர்களை மாற்றி மாற்றிப் போட்டேன். இருக்கை அப்பாவின் உடம்புக்குக் குழிந்திருந்தது. ஹீட்டர் சூடாக, துணியிலிருந்து அவருடைய தைல மணம் எழுந்தது. என் மூச்சில் கண்ணாடியெல்லாம் மங்கியது.

டக். டக்.

வெளியே அம்மா. வெறுங்காலோடு, பனியில்.

"உயிரோடதான் இருக்கிறன், உள்ளுக்குப் போங்கோ!"

கேட்கவில்லை போலும். தட்டல் வேகமானது.

"இஞ்சாருங்கோ... இஞ்சாருங்கோ, கதவைத் திறவுங்கோ."

அப்பாவை மட்டும்தான் அம்மா அப்படிக் கூப்பிடுவார்.

கண்ணாடியை இறக்கினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம்" என்றேன்.

"சத்தமில்லாமல் இருந்தியள், பயந்திட்டன். சூடாகிட்டுதோ?"

"ஓம்."

அளவு பார்க்க இறங்க வேண்டும். இறங்கினால் இருக்கை வெறுமையாகும். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அசையவில்லை. வாசலில் நின்ற அண்ணனைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். அவன் முன்மூடியைத் திறந்து எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்து, மூடிவிட்டு, சரி என்று தலையாட்டினான்.

"கவனமாய்ப் போட்டு வாங்கோ" என்றார் அம்மா.

கியரைப் போட்டேன். உடனே பிடித்தது. லொறி குலுங்காமல் நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் அம்மா கையசைத்தபடி நின்றார். எனக்கு இல்லை.