லாயிட் வாத்தியாரின் சாட்சி கேமரா

போன வருஷம் மாதா திருவிழாவுக்குப் பெங்களூர் ஜீவனஹள்ளியிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் கிளம்பிய லாயிட், கிருஷ்ணகிரியிலேயே நாக்குத் தள்ளிப்போய், சைக்கிளோடு ஒரு தக்காளி லாரியில் ஏறிவிட்டான். மாதா மன்னித்திருப்பாள். மச்சான் டிரேவர் மன்னிக்கிற ரகம் இல்லை. ஒரு வருஷமாக ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவனுக்கு இதே பேச்சு. டிரேவர் பேசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கும் தன் மனைவி குளோரியா, அண்ணன் பேச்சுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைத்தான் லாயிடால் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம் வழி நெடுகப் படம் எடுத்து வந்து எல்லார் வாயையும் அடைப்பது என்று முடிவு செய்தான். ஆள் பிசிக்ஸ் வாத்தியார் என்பதால் கேமரா வாங்கவே மூன்று மாத ஆராய்ச்சி நடந்தது. பெரிய கேமரா லென்ஸோடு குழந்தை கனம் கனத்தது. செல்போன் வழி காட்டியே மத்தியானத்துக்குள் படுத்துவிடும். கடைசியில் சட்டைப்பையில் அடங்கும் கேமரா ஒன்றை வாங்கி, அதற்குச் சார்ஜ் ஏற்ற முன்சக்கரத்தின் நடுவில் ஒரு டைனமோவையும் பொருத்தினான். சக்கரம் சுற்றினால் சார்ஜ் ஏறும். ஆனால் வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கீழே போனால் ஏறாது.

ஆகவே எதிர்க்காற்றிலும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். மாதாவை நினைத்து மிதித்ததைவிட பேட்டரியை நினைத்து மிதித்ததே அதிகம். ஒவ்வொரு ஊர்ப் பலகையிலும் சைக்கிளைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தான். கேமராவை அடுத்தவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. நாலு தடவை அமுக்கிச் சார்ஜை வீணாக்கிவிடுவார்கள். ஆறாம் நாள் வேளாங்கண்ணி சேர்ந்தபோது பேட்டரி முழுசாக இருந்தது, லாயிட்தான் காலி.

பஸ்ஸில் ஊர் திரும்பி, அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனான். பிரசங்கத்தின்போதும் கடைசித் தூணருகே நின்றுகொண்டே இருந்தான். சாமியார் உட்காரச் சொல்லி இரண்டு முறை கையைக் காட்டினார். லாயிட் கும்பிட்டுவிட்டு நின்றான்.

வாசலில் டிரேவர் கேமராவை வாங்கி, முன்னூறு படத்தையும் நிதானமாகத் தள்ளிப் பார்த்தான்.

"சைக்கிள் வேளாங்கண்ணி போயிருக்கு மாப்ள, ஒத்துக்கறேன். நீ எங்க?"

லாயிட் கேமராவைப் பிடுங்கிப் பார்த்தான். ஓசூர் முதல் வேளாங்கண்ணி வரை சைக்கிள் இருந்தது. ஒரு படத்திலும் அவன் இல்லை. அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கூட்டம் சிரித்தது. அவன் பயந்தபடியே குளோரியாவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, பூசை பூரா இவரு நின்னுட்டே இருந்தாரே, பாத்தியா? மூணு நாளா சோறுகூட நின்னுட்டுதான் சாப்புடறாரு. தக்காளி லாரியில போனா இப்டியா ஆகும்?"

மொத்தக் கூட்டமும் லாயிடின் பின்பக்கத்தைப் பார்த்தது. டிரேவரும் பார்த்தான்.

லாயிடுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. குளோரியா ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். நடந்தே வருவதாக அவன் சொன்னான். அவள் ஆட்டோவை அனுப்பிவிட்டு அவனோடு நடந்தாள்.