தட்டுச் சத்தம்

சோலைமலைக்குப் பசி காதை அடைத்தது. அய்யாவின் தலைத்திவசம். படையல் முடிந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வாழையிலையில் சோறும் பருப்பும் வடையும் வைத்தாயிற்று. காக்கை வந்து வாய் வைத்தால்தான் வீட்டில் மற்றவர்கள் கை நனைக்கலாம். அந்தக் காக்கையைத்தான் காணோம்.

"கா... கா... கா!" தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினான். ஓர் எறும்பு வந்தது.

காக்கைகளைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கீழே, பக்கத்து வீட்டு நஜ்முன்னிசாவின் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். அவள் வீட்டுக்காரர் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். மிச்சம் மீதியெல்லாம் முருங்கை மரத்தடிக்கு வந்துவிடும். மைனா ஒரு பக்கம், தவிட்டுக்குருவி ஒரு பக்கம், நடுவில் காக்கைகள் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தன. திண்டுக்கல்லில் பிறந்த காக்கை சீரகச் சம்பாவை விட்டுவிட்டுப் பருப்புச் சோற்றுக்கு வருமா, என்ன?

அகரத்திலிருந்து வந்திருந்த அத்தை ஒச்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். "எங்கண்ணன் கோவமா இருக்கான்டா. உம்மேலதான் ஏதோ மனத்தாங்கல். இல்லாட்டி இம்புட்டு நேரமா வராம இருப்பானா?"

சோலைமலைக்குச் சுருக்கென்றது. கடைசிக் காலத்தில் அய்யாவைச் சரியாகத்தான் கவனித்தோமா? பசிகூட மறந்துபோயிற்று. அவர் ஒரு வாய் ஏற்றுக்கொண்டால் போதும் என்றிருந்தது.

குனிந்து கீழே கூப்பிட்டான். "ஏம்மா நஜ்மு! செத்த நேரம் அந்தக் காக்காய்களை இங்கிட்டு வெரட்டி விடேன். அய்யாவுக்குத் திவசம். ஒண்ணுகூட வர மாட்டேங்குது."

"யா அல்லா!" நஜ்முன்னிசா பதறிப்போனாள். "பெரியப்பா திவசமா? கத்துனா வராதுண்ணே. தட்டத் தட்டணும்."

"தட்டா?"

"பெரியப்பா தெனமும் கொல்லையில ஒக்காந்து, கரண்டியால தட்டத் தட்டித்தான அதுகளக் கூப்புடுவாரு? தன் சோத்துல பாதிய அள்ளிப் போட்ருவாரே! அவரு போனப்புறம் பாவம், உங்க செவுத்துலயே வந்து வந்து ஒக்காந்து பாத்துச்சுக. எனக்கு மனசு கேக்கல. அதே மாதிரி தட்டி, நாந்தான் இங்கிட்டுக் கூப்புட்டுப் போட ஆரம்பிச்சேன்."

அய்யா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுத்தான் தட்டுகிறார் என்றல்லவா சோலைமலை நினைத்திருந்தான்! "வாரேன், வாரேன், பொறுக்க மாட்டீகளா?" என்று உள்ளேயிருந்து எத்தனை தடவை கத்தியிருக்கிறான்.

அடுப்படிக்கு ஓடி அய்யாவின் எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, கரண்டியால் தட்டினான். டங், டங், டங்.

தோட்டமே எழும்பி மாடிக்கு வந்தது. அழைக்காத மைனாக்கள்கூட உரிமையோடு வந்து உட்கார்ந்தன. முதலில் இறங்கிய காக்கையின் அலகில் ஒரு கோழியெலும்பு. அது எலும்பை இலை நடுவில் பத்திரமாக வைத்துவிட்டு, சோலைமலையை ஒரு பார்வை பார்த்து, வடையைக் கொத்தியது.

திவச இலையில் எலும்பு! அத்தை வாயில் கை வைத்தாள். மறுகணம் அவளுக்கே சிரிப்பு பீறிட்டது.

"எங்கண்ணனேதான்டா! வெஞ்சனத்துக்குக் கறி இல்லாம என்னைக்கு அவன் சோறு தின்னான்?"

கீழே நஜ்முன்னிசாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சோலைமலை சிரித்தான். கண்ணில் வழிந்ததை அவன் துடைக்கவில்லை.

"மெதுவாச் சாப்புடுங்கய்யா," என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை தட்டினான்.