அசையாத அறுபத்தாறு கிலோ

...படத்தில் நாலு மில்லிமீட்டர் வித்தியாசமாம், அதற்குப் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாளே இந்தப் பெண், வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருக்கிறார்கள், முணுமுணுக்கத்தான் செய்வார்கள், முணுமுணுக்கட்டும்... முகத்தோடு ஒட்டி வார்த்த பிளாஸ்டிக் வலைக்குள் தலையை அசைக்க முடியாமல் மேசைமேல் மல்லாந்து கிடந்த லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது, சொந்தப் பிள்ளை பரிசு வாங்கினாற்போல. கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கும் அந்தப் பெண்ணுக்கு முதல் வாரமே மனசுக்குள் ரசமட்டம் என்று பெயர் வைத்துவிட்டார், மயிரிழை சாய்ந்தாலும் விடமாட்டாள். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட்டுகளோடு மல்லுக்கட்டியவருக்குத் தெரியாதா அதன் அருமை? தரைக்கு அரை அங்குலம் மேலே பெட்டி நின்றால், கூட வேலை செய்தவர்கள் ‘போதும்பா, யாருக்குத் தெரியப்போகுது’ என்பார்கள், யாருக்குத் தெரியுமா, தடுக்கி விழுகிறவனுக்குத் தெரியும், அவர் மறுபடியும் மேலே ஏறிப் போய்ச் சரிசெய்துவிட்டுத்தான் இறங்குவார், அதனால் வாங்கிய கெட்ட பெயர் கொஞ்சமா நஞ்சமா...

முன்பெல்லாம் முதல் நாள் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஏழு வாரமும் ஒரே கணக்கில் கதிரைப் பாய்ச்சுவார்களாம், கையெழுத்து வாங்கும்போது டாக்டர் சொன்னார், கட்டி சுருங்கும், முகம் வற்றும், கணக்கு மட்டும் முதல் நாளிலேயே நிற்கும். இவர்களுடைய ஆராய்ச்சியில் அப்படி இல்லை, தினமும் படம், அன்றைய உடம்புக்கு அன்றைய கணக்கு. கணக்குப் போடுகிறவள் கண்ணாடிக்காரம்மா, இயற்பியல் படித்தவள், எச்சில் சுரப்பி இன்றைக்கு எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதைச் சுற்றிக் கோடு போட்டு, கதிர் அதை ஒதுக்கிவிட்டுப் போகும்படி செய்வாள். “வாய் வறண்டு போயிடக் கூடாதுங்கய்யா, அப்புறம் வாழ்நாள் பூரா தண்ணி பாட்டிலும் கையுமா அலையணும்” என்றாள் ஒருநாள். தொண்டையில் கட்டி வந்த யாரோ ஒருத்தனுடைய எச்சிலுக்காக இவ்வளவு பாடா...

கதவு திறந்தது, இரண்டு பேரும் அவர் கால்மாட்டில் வந்து நின்றார்கள். “கன்னம் ரெண்டு பக்கமும் வத்தியிருக்கு மேடம், மாஸ்க்கும் லூஸா இருக்கு” என்றது ரசமட்டத்தின் குரல். “ஆனா வெயிட் அசையவே இல்லையே? மூணு திங்கக்கிழமையா அறுபத்தாறு, இன்னைக்கும் அறுபத்தாறு” என்றாள் கண்ணாடிக்காரம்மா. அப்படியானால் படம் எடுக்கிற கருவி பொய் சொல்கிறதோ, இல்லை, தான் போட்ட கோடுதான் தப்போ, மெஷினை இன்றைக்கு நிறுத்திவிடலாம், மூன்று வாரக் கணக்கையும் திரும்பப் பார்க்கணும்... அவள் குரலில் பயம். மெஷின் நல்லாத்தான் இருக்கு தாயே, கோடும் சரிதான், பொய் சொல்வது இங்கே படுத்திருக்கிறவன்! இரண்டாவது திங்கட்கிழமை எடை இரண்டு கிலோ இறங்கி அறுபத்தாறு ஆனபோது மனைவி நடைக்கூடத்திலேயே உட்கார்ந்து அழுதாளே, “நான் அரைச்சுக் குடுக்கிறதுதான் சரியில்ல போல, உங்களுக்கு ஒட்டவே மாட்டேங்குது” என்று, பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவள் மாதிரி... அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அடுத்த திங்கள் லிஃப்ட் கதவை இழுத்து மூடுகிற சின்ன ஈயக் கட்டிகளில் ஒன்று பேண்ட் பைக்குள் போனது. எடை பார்ப்பது முதலில், உடை மாற்றுவது அப்புறம், சோதனைக்கு எடை ஏற்றி இறக்கியே பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா, இன்றைக்கு இரண்டு பக்கமுமாக மூன்று கிலோ. எடை இறங்கவில்லை, அதே அறுபத்தாறு என்றதும் மனைவி சிரித்தாள், மகளுக்குப் போன்போட்டுச் சொன்னாள், அதுபோதும் என்று இருந்துவிட்டார். இல்லாத பழுதைத் தேடுவது என்ன நரகம் என்று அவருக்குத் தெரியாதா? நல்ல மோட்டாரை இரண்டு நாள் பிரித்துப்போட்டுத் தேடி, கடைசியில் பார்த்தால் எவனோ கதவிடுக்கில் துடைப்பத்தைச் செருகியிருந்தான், இப்போது அந்தத் துடைப்பம் அவர்தான். நாற்பது பேரை வைத்துச் செய்கிற ஆராய்ச்சி, அதில் ஒருத்தன் எடை பொய், அதை நம்பி நாளைக்கு வேறு எவனுடைய தொண்டைக்கோ கணக்குப் போடுவார்களே... சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ, அனுப்பினால் முதல் நாள் கணக்குதானா, வறண்ட வாய்தானா, மனைவிக்கு என்ன பதில்... வலைக்குள் வாய் திறக்க வராது, அவசரத்துக்கென்று கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார், மணி அடித்தது.

வலையைக் கழற்றினார்கள். “என்னய்யா, மூச்சு முட்டுதா?” “இல்லம்மா... மெஷினைப் பிரிச்சிடாதீங்க. நான்தான் பையில ஈயத்தைப் போட்டுக்கிட்டு ஏறி நின்னேன்.” கரகரத்த குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். திட்டுவாள் என்று பார்த்தால் கண்ணாடிக்காரம்மா “அப்பாடா” என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள், ரசமட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள், சிரிக்கிறாள் கழுதை. “என்னை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுவீங்களாம்மா?” “எடை குறையுறவங்களுக்காகத்தானேய்யா இதையே பண்றோம்” என்றாள் கண்ணாடிக்காரம்மா, “புது மாஸ்க் செய்வோம், புதுசா கணக்குப் போடுவோம். எந்தத் திங்கள், எத்தனை கட்டி? சரியா சொல்லணும். அந்த ஈயத்தையும் எடுத்துட்டு வாங்க, எடை போட்டுக் கழிக்கணும்.” பொய்யைக்கூடக் கிராம் கணக்கில் கழிக்கப் போகிறாள்! இவளைப்போல ஒரு ஆள் கூட இருந்திருந்தால் எத்தனை லிஃப்ட்டுகள் ஒழுங்காக நின்றிருக்கும்... “வெளியே உக்காந்திருக்கிற உங்க வீட்டம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?” என்றாள் ரசமட்டம். நானே சொல்றேன் என்று வீறாப்பாக எழுந்து உடை மாற்றும் அறைக்கு நடந்தார்.

கொக்கியில் பேண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. ஈயக் கட்டியை எடுக்கப் பைக்குள் கையை விட்டவருக்கு உள்ளே ஏதோ உறுத்தியது, காலை அவசரத்தில் இதையெல்லாம் யார் கவனித்தார்கள், பையைப் பிதுக்கி வெளியே இழுத்தார். இவ்வளவு ஈயத்துக்கு அந்த மெல்லிய துணி முதல் வாரமே கிழிந்திருக்க வேண்டுமே, கிழியவில்லையே, ஏன் என்று யோசித்தாரா? உள்ளே இன்னொரு முரட்டுத் துணி வைத்து, ஓரம் முழுக்க நெருக்கி நெருக்கி இரட்டைத் தையல். அடுத்த பையிலும் அப்படியே. வீட்டில் ஊசியைத் தொடுகிற ஆள் ஒருத்திதான்... அப்படியானால் மகளுக்குப் போன், அந்தச் சிரிப்பு, அதெல்லாம்... ஈயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், வெளியே போனதும் இப்போது யார் யாரிடம் உண்மையைச் சொல்வது?