இரண்டு மணிக் கதை

கட்டுரையில் உன் பெயரைப் போடலாமா என்று முருகேஸ்வரியிடம் கேட்டதாகத்தான் செலினாவுக்கு நினைவு. அவள் தலையாட்டியதாகவும் நினைவு. ஆனால் அந்தத் தலையாட்டல் அந்தக் கேள்விக்கா, வடை வேண்டுமா என்றதற்கா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தனக்கு வேண்டியபடி நினைவைத் திருத்திக்கொண்டிருக்கவும் கூடும்.

இருவரும் செண்பகனூரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். செலினா கல்லூரியில் தமிழ் நடத்துகிறாள். முருகேஸ்வரிக்கு ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜின் துணி அறையில் வேலை. மதியம் இரண்டு மணிக்கு, வெளுத்து வந்த படுக்கை விரிப்புகளைக் கூட வேலை பார்க்கும் கித்தேரியம்மாளும் இன்னொருத்தியும் மடிப்பார்கள். முருகேஸ்வரி மாத நாவலை உரக்கப் படிப்பாள். அவள் பங்கையும் அவர்களே மடித்துவிடுவார்கள். அடித்த கணவனின் காலில் கதாநாயகி விழும் இடம் வந்தால், "இவளுக்கு வேற சோலி இல்ல" என்று நாலு பக்கத்தைத் தள்ளிவிட்டு, கதாநாயகிக்குத் தானாகவே திண்டுக்கல்லில் ஒரு தையல் கடை வைத்துக் கொடுத்துவிடுவாள்.

ஒரு நாவலைப் படிப்பதென்றால் அச்சடித்த பக்கத்தை மட்டும் படிப்பதல்ல. அதை யார், எங்கே, எந்த வேலைக்கு நடுவே படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிப்பது. பண்பாட்டு ஆய்வைப் பற்றி வகுப்பில் இப்படிச் சொல்லிவந்த செலினாவுக்கு அந்தத் துணி அறை புதையலாகக் கிடைத்தது. கருத்தரங்கில் கட்டுரை வாசித்தாள். பெயர், லாட்ஜ், நேரம் எல்லாம் சொன்னாள். விவரம் இல்லாமல் ஆய்வு ஏது? கைதட்டினார்கள்.

அன்று மதியச் சாப்பாடு அதே லாட்ஜிலிருந்து. சாப்பாட்டோடு வந்த சூப்பர்வைசர் ஜெரால்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருந்தான்.

"மேடம், சூப்பருங்க," என்றான், ரசம் ஊற்றியபடி. "நம்ம லாட்ஜுல ரெண்டு மணிக்குக் கத ஓடுதுன்னு நமக்கே தெரியலைங்க. ஒரு ஆளு படிக்குமாம், மத்த ரெண்டு பேரும் அது வேலையையும் சேத்துப் பாப்பாங்களாம். நல்லாருக்குல்ல?"

எப்போதாவதுதான், வேலை முடிந்த பிறகுதான் என்று செலினா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில் வெளியூர்ப் பேராசிரியர் இருந்தார். கட்டுரையை ஜோடித்ததாக அவர் நினைத்துவிடக் கூடாது. செலினா சிரித்தாள்.

சனிக்கிழமை முருகேஸ்வரி வீட்டுக்கு வந்தாள்.

"புஸ்தகத்தையெல்லாம் அள்ளிட்டுப் போய்ட்டான். கேமரா மாட்டியாச்சு. என்னைய வர வேணாமுன்னுட்டான்."

"நான் போய்ப் பேசுறேன் முருகேசு."

"என்னன்னு பேசுவ? நீ படிச்சது பொய்யின்னா?"

முருகேஸ்வரி வாசலில் செருப்பை மாட்டினாள்.

"கத எழுதுறவனே பேர மாத்தித்தான்டி எழுதுறான். உனக்கு மட்டும் எதுக்கு நெசப் பேரு? மணி வேற சொல்லியிருக்க."



திங்கட்கிழமை வெள்ளனே லாட்ஜுக்குப் போனாள். மிகைப்படுத்திப் பேசிவிட்டேன், அவளை வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனாள். ஜெரால்டு எழுந்து நின்று நாற்காலி போட்டான். செலினாவின் பதவி உயர்வுக்கான கோப்பில் அந்தக் கட்டுரைதான் முதலில் இருந்தது. சாப்பாடு அன்று நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

முருகேஸ்வரி இப்போது பெருமாள்மலையில் ஒரு பழக்கடையில் நிற்கிறாள். கித்தேரியம்மாள் அதே அறையில் விரிப்பு மடிக்கிறார்; அங்கே யாரும் படிப்பதில்லை. ஜெரால்டு மேனேஜராகிவிட்டான். கட்டுரை, முருகேஸ்வரியின் பெயர் மாற்றப்பட்டு, அச்சில் வந்தது. செலினா இணைப் பேராசிரியர் ஆனாள்.