பசிலியா எழுந்து பேசினாள்

ஏரிக்கரைக் கிராமமான சுல்லபாத்தாவின் சுகாதார நிலையத்தில் ஃபெலிசா சம்பளமில்லாமல்தான் வேலை பார்த்து வந்தாள். ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், பிரசவ வலி கண்டவள் வீட்டுக்கு ஆலங்கட்டி மழையிலும் நடந்து போவாள். ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கோ பாலாடைக்கட்டியோ கொடுத்தனுப்புவார்கள். என்றைக்காவது அரசாங்கம் இந்த நிலையத்துக்கு உதவிச் செவிலி வேலை ஒன்றை ஒதுக்கும், அன்றைக்கு ஊர் கூடித் தன் பெயரைச் சொல்லும் என்ற நம்பிக்கையிலேயே காலத்தை ஓட்டினாள்.

உதவிச் செவிலிப் படிப்புக்கு அவளை லா பாஸ் நகரத்துக்குப் பிடித்துத் தள்ளியதே பசிலியாதான். ஃபெலிசாவின் மகள் தனிட்சாவுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவள் அவள். "போடி, படிச்சுட்டு வா. புள்ளைய நான் பாத்துக்கிறேன், கடிச்சுத் தின்னுட மாட்டேன்" என்று குழந்தையை வாங்கித் தன் முதுகில் கட்டிக்கொண்டாள். ஃபெலிசா படிப்பு முடித்துத் திரும்பியபோது தனிட்சா பசிலியாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஃபெலிசாவின் கணவன் சிக்ஸ்தோ தையல் வேலைக்கென்று அர்ஜென்டினா போனவன். முதலில் அடிக்கடி போனில் பேசினான், பிறகு எப்போதாவது, பிறகு பேச்சே இல்லை. ஏரிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஃபெலிசாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாத்தையும் போட்டுட்டு அவர் இருக்கற பக்கமே ஓடிடலாம்னு இருக்குக்கா. இந்த ஊர் சனங்க மூஞ்சியில முழிக்கவே புடிக்கல."

பசிலியா தன் சால்வையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அழுதுரு. எங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப் போற?"

ஒருவழியாக வேலை வந்தது. யாருக்கு என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர்த்தலைவர் ஹெரிபெர்தோவின் அண்ணன் மகள் மகாலி நகரத்தில் அதே படிப்பை முடித்திருக்கிறாள் என்று பேச்சு அடிபட்டது. ஃபெலிசா பயந்துபோய் பசிலியாவிடம் ஓடினாள்.

"அந்தக் குட்டிக்கு இங்க யாரத் தெரியும்? நான் எந்திரிச்சுப் பேசறேன். பொம்பளைங்க பூரா என் பக்கம்தான். நீ மட்டும் வாயத் தொறக்காம உக்காந்திரு. தனக்கு வேணும்னு தானே கேட்டா நல்லாவா இருக்கும்?"

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். ஆண்கள் பெஞ்சுகளில் கோக்கா இலையை மென்றபடி இருந்தார்கள், பெண்கள் தரையில். ஹெரிபெர்தோ இரண்டு பெயர்களையும் சொல்லிவிட்டு, "யாராச்சும் பேசறீங்களா?" என்றார்.

பசிலியா எழுந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஃபெலிசா நல்ல பொண்ணு. எனக்குத் தங்கச்சி மாதிரி. அதனாலதான் சொல்றேன். அவ இங்க தங்க மாட்டா. புருஷன் இருக்கற பக்கம் ஓடிடணும்னு அவ வாயாலயே எங்கிட்ட சொன்னா. இந்த ஊர் சனங்க மூஞ்சியில முழிக்கவே புடிக்கலயாம். வேலைய அவளுக்குக் குடுத்துட்டு நாளைக்கு நாம என்ன பண்றது?"

ஃபெலிசாவுக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறாள் என்றே நினைத்தாள்.

பெரியவர் அன்செல்மோ அவள் பக்கம் திரும்பினார். போன மழைக்காலம் முழுக்க அவர் கால் புண்ணைக் கழுவியவள் அவள். "அப்பிடியா சொன்ன, தாயி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "சொன்னேன்... ஏதோ அழுகையில சொன்னதுய்யா."

முதல் வார்த்தைதான் கூட்டத்தின் காதில் விழுந்தது. மகாலிக்குக் கைகள் உயர்ந்தன. முதலில் பசிலியாவின் கை. அவளைப் பார்த்துப் பெண்களின் கைகள் ஒவ்வொன்றாக. ஃபெலிசா எல்லா முகங்களையும் பார்த்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் சுகாதார நிலையத்தில் தன் சாமான்களை எடுக்கப் போனபோது வாசலில் புது ஆம்புலன்ஸ் நின்றது. பசிலியாவின் மகன் ரொலாந்தோ அதைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். டிரைவர் வேலை யாருக்கு என்பது ஹெரிபெர்தோ கையில் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

பசிலியா ஆட்டுத் தொழுவத்தில் இருந்தாள்.

"ஏங்க்கா?"

பசிலியா நிமிரவில்லை. "நீ கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழச்சுக்குவ. அவன் என்ன பண்ணுவான்? குடிச்சுக் குடிச்சே அழிஞ்சுட்டிருக்கான். ஒரு வேலைன்னு இருந்தா நிமிந்துருவான்."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே விட்டுக் குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்பியா?"

ஃபெலிசா யோசித்தாள். "தெரியல. ஆனா நீ கேட்டிருக்கணும். ஊருக்கு முன்னால என் அழுகைய எடுத்து வித்துட்டியேக்கா."

பசிலியா அழ ஆரம்பித்தாள். ஃபெலிசாவின் கை தன்னை அறியாமல் அவள் தோள் வரைக்கும் போனது. பிறகு அதைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஏரிக்கு அக்கரையில் ஒரு பள்ளி விடுதிக்குப் பிள்ளைகளின் உடம்பைக் கவனித்துக்கொள்ள ஆள் தேடினார்கள். விசாரித்தபோது உடனே வரச்சொன்னார்கள். புறப்படும் நாளில் தனிட்சா, "ஞானம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று அடம்பிடித்தாள். ஃபெலிசா போக விட்டாள். தான் படகுத்துறையிலேயே நின்றுகொண்டாள். கண் சிவந்து திரும்பி வந்த பிள்ளை, "நீ ஏன் வரலைன்னு கேட்டாங்க" என்றது. ஃபெலிசா அவளைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தாள்.

புது இடத்தில் அவளுக்கு நல்ல பெயர். காய்ச்சலென்றால் பிள்ளைகள் அவளைத்தான் தேடின. சமையல்காரி ஹுஸ்தா வாயாடி, நல்ல மனசுக்காரி. கினுவா தானியம் களையும்போது தன் மாமியார் கதை, கடன் கதை எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பாள். ஒருநாள், "நானே பேசிட்டிருக்கேன். ஒனக்கு மனசுல ஒண்ணுமே இல்லயாடி?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் ஃபெலிசா வாயெடுத்தாள்.

"எனக்கென்ன கொறச்சல்? குளிருதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்த கெட்டிலை இறக்கி இருவருக்கும் தேநீர் ஊற்றினாள்.