மூன்றாவது அளவு

சிப் தொழிற்சாலையின் உலையில் சரக்கை ஏற்றும் முன் ஒரு வெற்று சிலிக்கன் தகட்டைச் சுட்டெடுத்து, அதில் எத்தனை தூசு ஒட்டியிருக்கிறது என்று கருவியில் எண்ணிப் பார்ப்பார்கள். முப்பதுக்குள் இருந்தால் உலை நல்ல உலை. அன்று காலை முதல் அளவு ஐம்பத்தொன்று. இரண்டாவது நாற்பது. மூன்றாவது இருபத்தெட்டு.

"தேறிடுச்சு அக்கா... மேடம்," என்றான் நெட்டை. எல்லோரும் வெள்ளை உடுப்பில், கண் மட்டும் தெரிய நிற்கும் அந்த அறையில் ஆளுக்கு அடையாளம் உயரம்தான். அவள் உலைப் பிரிவின் தலைவியாகி ஒன்பது நாள். கூப்பிடும் முறை அவனுக்கு இன்னும் பழகவில்லை.

கழுவி வைத்த நூற்றைம்பது தகடுகள் காத்திருந்தன. இன்னும் முப்பத்தைந்து நிமிடத்தில் அவை உலைக்குள் போக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை மறுபடி கழுவியாயிற்று. இனிக் கழுவ முடியாது; நேரம் தப்பினால் குப்பைதான்.

ஒரே தகட்டைக் கருவியில் எடுத்து எடுத்து வைத்தால் அதிலிருந்து தூசு உதிரும். உலையிலிருந்து உதிருமா?

"மூணு தடவை அளக்கச் சொன்னது யாரு?"

நெட்டை சுவரைக் காட்டினான். "நீங்கதான். அஞ்சு வருஷமாச்சு."

உறையிட்ட காகிதத்தில், மூன்று அளவில் ஒன்று தேறினால் போதும் என்று அவள் கையெழுத்து. அப்போது எண்ணும் கருவி பழுது. கருவியை மாற்றினார்கள், காகிதத்தை மாற்றவில்லை.

தொலைபேசி ஒலித்தது. உற்பத்தி மேலாளர்.

"என்னம்மா, உலை ஏன் சும்மா நிக்குது?"

"தூசு அதிகம் சார். தாங்கியை இறக்கிப் பாக்கணும்."

"இறக்கினா இன்னிக்கு உலை இல்ல. திரையில இருபத்தெட்டுன்னுதானே இருக்கு? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"முதல் அளவு ஐம்பத்தொண்ணு சார்."

"நாற்காலி சூடாகறதுக்குள்ள நிறுத்தறே. உள்ள ஒண்ணுமில்லேன்னா, அடுத்த தடவை நீ நில்லுன்னா எவனும் நிக்க மாட்டான். பாத்துக்க."

அவர் சொன்னது பொய்யில்லை. முதல் அளவே பிழையாக இருந்தால்? நெட்டை பொத்தானில் விரலை வைத்தபடி அவள் கண்ணையே பார்த்தான்.

"ஏத்தாதே. தாங்கியை இறக்கு."

தகடுகளைச் செருகும் கண்ணாடித் தாங்கி மெல்ல இறங்கியது. விளக்கைப் பிடித்துப் படிபடியாகப் பார்த்தாள். இருபது, நாற்பது, அறுபது. பழுதில்லை. திரையில் நேரம் முடிந்து சிவப்பானது. நூற்றைம்பதும் போயிற்று.

எழுபத்து மூன்றாவது படியின் ஓரம், எலி கடித்த பிஸ்கட் போல மூளியாக இருந்தது.

"அப்பாடா," என்றான் நெட்டை. "இனிமே அவர் வாயைத் திறக்க மாட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த உலையில போன வாரத்துல இருந்து எத்தனை தடவை மூணாவது அளவுல தேறியிருக்கு?"

அவன் பட்டியலை உருட்டினான். குரல் இறங்கியது. "ஏழு. அதுல நாலு உங்க கையெழுத்து. ரெண்டு தடவை போனதைப் பெட்டியே கட்டியாச்சு மேடம்... யாரும் கேக்கலையே. இன்னிக்குப் போனதோட விட்டுடலாமே?"

அவள் சுவரிலிருந்த காகிதத்தை உரித்தெடுத்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"சார், நூத்தம்பது போச்சு. தாங்கி உடைஞ்சிருக்கு. இன்னும் ஏழு தடவை போனதையும் நிறுத்தணும். சரக்கு எண்ணைச் சொல்றேன், எழுதிக்குங்க."

அவள் பட்டியலைத் தன் பக்கம் திருப்பினாள்.

"முதல்ல என் கையெழுத்துல போன நாலையும் சொல்றேன்."